‘எப்போ போச்சு?’ என்று கேட்ட சுமதி அக்கா

சுமதி அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் கீரப்பாளையத்தில் ஒரு வீட்டுக் கூடத்தில், ஸ்டூல் மேல் நின்று வைஃபை ரௌட்டரைச் சுவரில் மாட்டிக்கொண்டிருந்தேன். முதலாளி போனில் பேசினார். "சுமதி போயிட்டாப்பா. காலையில நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க, வழியிலயே..." நான் கீழே இறங்கி உட்கார்ந்தேன். அந்த வீட்டு அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பாதி வேலையில் விட்டுப் போனால் அக்காவுக்குப் பிடிக்காது என்று தோன்றியது. முடித்துவிட்டுத்தான் கடலூருக்குக் கிளம்பினேன்.

கடலூரில் எங்கள் சின்ன நிறுவனத்திடம் வீட்டுக்கு இன்டர்நெட் வாங்கியவர்களில் பலருக்கு அக்காவின் முகம் தெரியாது, குரல் தெரியும். புகார் போனை எடுப்பவர் அவர்தான். துறைமுகத்துப் பக்கம் மீனவர் குடும்பம். பிளஸ் டூ வரை படித்தவர். வந்த புகாரை எழுதி எங்களிடம் கொடுப்பது மட்டுமே அவருக்குச் சொல்லப்பட்ட வேலை. ஆனால் நாங்கள் வீடுகளுக்குப் போய்த் திரும்பியதும் விடமாட்டார்.

"என்ன செஞ்ச?"

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணேங்க்கா. சரியாச்சு."

"எதனால போச்சு?"

"தெரியலக்கா."

"அப்ப சரியாகல. அடங்கியிருக்கு. நாளைக்குத் திரும்பக் கூப்புடுவாங்க பாரு."

சொன்னபடியே கூப்பிடுவார்கள். எங்களுக்கு எரிச்சலாக இருக்கும்.

அப்படிக் கேட்டுக் கேட்டே சில வருடங்களில் பாதிப் புகாரை அவர் போனிலேயே முடித்துவிட ஆரம்பித்தார். நெல்லிக்குப்பத்திலிருந்து ஒருவர், உள் அறைக்குப் போனாலே வைஃபை கட் ஆகிறது என்று கத்தினார். அக்கா அமைதியாக, "பெட்டி எங்கண்ணே வெச்சிருக்கீங்க?" என்றார். பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று பீரோவுக்குப் பின்னால் வைத்திருக்கிறார்களாம். "பீரோ இரும்புண்ணே. சிக்னல் அதைத் தாண்டி வர முடியாது. அசிங்கமா இருந்தா இருக்கட்டும், வெளிய எடுத்து வைங்க." ஐந்து நிமிடத்தில் அவர் திரும்பக் கூப்பிட்டு, "வந்துடுச்சும்மா!" என்று போட்ட சத்தம் எங்கள் மேசை வரை கேட்டது.

ஆனால் நான் சொல்ல வந்தது சிதம்பரத்தில் நடந்ததை.

அங்கே கலைவாணி என்று ஒருவர். பெங்களூர்க் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை செய்தவர். கணவர் வெளிநாட்டில். வீட்டில் கைக்குழந்தையும் மாமனாரும். மாமனார் பத்திரம் எழுதுபவர். முன் அறையில்தான் அவருடைய தொழில். கலைவாணி மாடியில் உட்கார்ந்து வாடிக்கையாளர்களோடு பேசிக்கொண்டிருக்கும்போது லேப்டாப்பில் வைஃபை பட்டென்று போய்விடும். சில நிமிடத்தில் தானாக வரும், மறுபடியும் போகும். நான் இரண்டு முறை ரௌட்டரை மாற்றினேன். வெளியிலிருந்து வரும் கேபிளையும் மாற்றினேன். கடைசியில், "லேப்டாப்புலதான் கோளாறு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவருடைய கம்பெனி ஆட்களோ லேப்டாப் நன்றாக இருக்கிறது என்றார்கள். அடுத்த திங்கட்கிழமை ஒரு முக்கியமான கூட்டம். அதிலும் இணைப்பு போனால் பெங்களூருக்கு வந்து வேலை பாருங்கள், இல்லையென்றால் வேலையை விடுங்கள் என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள்.

அதைச் சொல்லிப் புகார் போனில் கலைவாணி அழுதார். அவர் அழுது முடிக்கும் வரை அக்கா விட்டார். பிறகு கேட்டார்.

"போறப்ப உங்க செல்லுலயும் போவுதா?"

"இல்லக்கா, செல்லுல நல்லா வருது. லேப்டாப் மட்டுந்தான்."

"எப்பெப்போ போச்சுன்னு ரெண்டு நாளைக்கு நேரத்தோட எழுதுங்க. அந்த நேரத்துல வீட்டுல யாரு என்ன பண்ணிட்டிருந்தாங்கன்னும் பக்கத்துல எழுதுங்க. கொழந்த அழுதாக்கூட எழுதுங்க."

நான் பக்கத்து மேசையிலிருந்து சிரித்தேன். குழந்தை அழுதால் வைஃபை போகுமா என்று கேட்டேன். "போவுமா போவாதான்னு எழுதின பெறகுதானே தெரியும்" என்றார்.

இரண்டு நாள் கழித்துக் கலைவாணி அந்தத் தாளைப் படமெடுத்து அனுப்பினார். அக்கா அதை இரண்டு முறை படித்தார். ஒவ்வொரு நேரத்துக்கும் பக்கத்தில் ஏதேதோ இருந்தது: குக்கர் வைத்தது, பால்காரர் வந்தது, குழந்தை தூங்கியது. ஆனால் எல்லா வரியிலும் ஒன்று மட்டும் திரும்பத் திரும்ப வந்தது: ‘கீழே மாமாவிடம் ஆள் வந்திருந்தார்கள்.’

நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்றார் அக்கா. முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை. "போன் எடுக்கிற வேலைய விட்டுட்டு நீ எங்க போற?" என்றார். "அப்ப ஒரு நாள் லீவு போட்டுக்கறேன் சார்" என்று அக்கா பையை எடுத்துவிட்டார். முதலாளி என்னையும் கூட அனுப்பினார். எனக்கு விருப்பமே இல்லை.

சிதம்பரத்தில் அந்த வீட்டுக்குள் போனதும் அக்கா ரௌட்டரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முன் அறையில் மாமனாரிடம், "ஆளு வந்தா என்னென்ன செய்வீங்கன்னு ஒண்ணொண்ணா செஞ்சு காட்டுங்கய்யா" என்றார். அவர் ஃபேனைப் போட்டார். கம்ப்யூட்டரைப் போட்டார். ஒன்றும் ஆகவில்லை. பிரின்டரைப் போட்டார். அது முனகிக்கொண்டு எழுந்தது.

மாடியிலிருந்து கலைவாணியின் குரல் வந்தது: "போச்சு!"

"ஆஃப் பண்ணுங்கய்யா."

கொஞ்ச நேரம் கழித்து: "வந்துடுச்சு!"

மறுபடி போட்டார்கள். "போச்சுக்கா, போச்சு!" இணைப்பு போனதற்காக ஒரு வீடே கைதட்டிச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். கலைவாணி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு படியில் ஓடி வந்தார்.

வீட்டில் வைஃபை எடுக்கும் ஒவ்வொரு கருவிக்கும், பிரின்டருக்கும்கூட, ரௌட்டர் ஓர் எண் கொடுக்கும். ஒரே எண் இரண்டு கருவிக்கு இருந்தால், இரண்டும் ஒன்றோடொன்று மோதி ஏதாவது ஒன்று வெளியே விழும். அக்கா என்னிடம் பிரின்டரின் எண்ணையும் லேப்டாப்பின் எண்ணையும் எடுக்கச் சொன்னார். இரண்டும் ஒன்று.

"பிரின்டருக்கு இந்த நம்பரை யாருங்கய்யா போட்டாங்க?"

"இந்தத் தம்பிதாம்மா" என்று மாமனார் என்னைக் காட்டினார். "கம்ப்யூட்டர்ல அடிக்கடி பிரின்டர் காணாமப் போவுதுன்னு சொன்னேன். வந்து சரிபண்ணிக் குடுத்துட்டுப் போனாரு."

உண்மைதான். சில மாதங்களுக்கு முன் நான்தான் அந்த எண்ணை நிரந்தரமாகப் பதித்தேன். அதை வேறு யாருக்கும் கொடுக்காதே என்று ரௌட்டரில் குறிக்காமல் வந்துவிட்டேன். ரௌட்டர் அதே எண்ணை லேப்டாப்புக்கும் கொடுத்துக்கொண்டிருந்தது. இரண்டு முறை ரௌட்டரை மாற்றியபோதும் பழைய அமைப்பையே அப்படியே புதியதிலும் போட்டிருக்கிறேன்.

அக்கா எனக்காகப் பேசுவார் என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவரோ நானே பேசட்டும் என்று காத்திருந்தார்.

"தப்பு என்னுதுங்க" என்றேன். "லேப்டாப் மேல பழி போட்டுட்டேன். மன்னிச்சுக்குங்க."

கலைவாணி ஒரு கணம் என்னைப் பார்த்தார். "அதான் கண்டுபுடிச்சாச்சே அண்ணா. மாத்திக் குடுங்க மொதல்ல" என்றார். பிரின்டருக்கு வேறு எண் போட்டேன். ஐந்து நிமிட வேலை. பிறகு மாமனார் ஒரு மணி நேரம் விடாமல் பழைய பத்திர நகல்களை அச்சடித்தார். மாடியில் சத்தமே இல்லை.

திங்கட்கிழமை மாலை புகார் போன் அடித்தது. அக்கா ஒலிபெருக்கியில் போட்டார். "மூணு மணி நேரம் அக்கா! ஒரு தடவகூடப் போவல! இங்கேருந்தே வேல பாருன்னுட்டாங்க!" நாங்கள் எல்லோரும் எழுந்து நின்று கத்தினோம். முதலாளி உள்ளேயிருந்து வந்து, இனி பிடிபடாத புகாருக்கெல்லாம் சுமதியும் நேரில் போகட்டும் என்று சொன்னார். அதற்குப் பிறகு திட்டக்குடி வரை அக்கா போகாத ஊர் இல்லை. எங்கள் மாவட்டத்தில் எத்தனை வீடுகளில் அவர் ‘எப்போ போச்சு?’ என்று கேட்டு உட்கார்ந்திருப்பார் என்பது உங்களில் பலருக்குத் தெரியும்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது, சிதம்பரத்திலிருந்து அன்று திரும்பிய பஸ்ஸில் கிடைத்தது. வெட்கத்தில் நான் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தேன். அக்கா வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்து என் முன்னே நீட்டினார்.

"ஏன் மூஞ்சிய தூக்கி வெச்சிருக்க? கெடுத்ததுலயும் நீ இருந்த, கண்டுபுடிச்சதுலயும் நீ இருந்த. வீட்டுக்குப் போறப்ப ரெண்டாவத எடுத்துக்கிட்டுப் போ."

எடுத்துக்கொண்டேன், அக்கா.