கடைசி வாலாட்டி

குளிர்காலத்தைக் கழிக்க வடக்கிலிருந்து வந்த பறவைகள் பங்குனியில் ஊர் திரும்பும். ஐப்பசியில் முதல் பறவையைப் பார்த்தவர் அன்றைக்கே பீற்றிக்கொள்ளலாம். கடைசிப் பறவைக்கு அந்த வசதி இல்லை. அது போய்ச் சேர்ந்த பிறகுதான் கடைசி என்றே தெரியும். பறவை பார்ப்பவர்களான எங்கள் வாட்ஸ்அப் குழுவில் கடைசியாகப் பார்த்தவருக்கு அடுத்த ஐப்பசிவரை தனி மரியாதை. போன வருஷம் அது ஆட்டையாம்பட்டி டீச்சரக்காவுக்குப் போனது. அதற்கு முந்தைய வருஷமும் அவருக்குத்தான். இந்த முறை எனக்கு வேண்டும் என்று வெறி பிடித்து அலைந்தேன்.

பனமரத்துப்பட்டி ஏரியில் தண்ணீர் மிச்சமிருந்த ஒரு மூலையில் ஒற்றை மஞ்சள் வாலாட்டிக் குருவி நின்றது. படம் பிடித்து, ‘இந்தப் பருவத்தின் கடைசி வாலாட்டி’ என்று குழுவில் போட்டேன்.

“உங்ககிட்டச் சொல்லிட்டுத்தான் போகுதுங்களா தம்பி?” என்று கேட்டார் அக்கா. “சனிக்கிழமை நான் வாரேன். அதுவரைக்கும் இருக்கச் சொல்லுங்க.”

சனிக்கிழமை நாமக்கல்லில் சித்தப்பா மகள் கல்யாணம். நான் பந்தியில் இருப்பேன், அக்கா ஏரியில் இருப்பார். மரியாதை மறுபடியும் ஆட்டையாம்பட்டிக்கே போய்விடும். ஒரே வழிதான் தோன்றியது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பைனாகுலரை முதுகுப்பக்கம் தள்ளிவிட்டு, துண்டை வீசிக்கொண்டு வாலாட்டியை நோக்கி ஓடினேன். அது எழும்பி, பத்தடி தள்ளி உட்கார்ந்து, வாலை ஆட்டியது. பக்கத்தில் மண்ணாங்கட்டியை எறிந்தேன். இன்னும் பத்தடி.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா கரையிலிருந்து கத்தினார். “ஏஞ் சாமி, அது உன்ற சோளத்தையா தின்னுபோட்டுது?”

“அது வடக்க போகோணுமுங்க. நேரமாச்சு.”

“ஏன், உன்னையப் பஸ் ஏத்தியுடச் சொல்லுச்சா?”

ஒருவழியாகப் பறந்து கண்ணுக்கு மறைந்தது. அது போனது தெற்கே. ‘சற்றுமுன் கிளம்பிவிட்டது’ என்று உருக்கமாக எழுதினேன். அழுகிற முகங்கள் வந்து விழுந்தன.

மறுநாள் பந்தியில் பாயசத்துக்குக் கையேந்திய நேரம் போன் அதிர்ந்தது. அக்கா அனுப்பிய படத்தில் மூன்று வாலாட்டிகள்.

‘உங்க ஆளு சொந்தக்காரங்களையும் கூட்டிட்டு வந்திருச்சுங்க. அப்புறம், நேத்து கழுத்துல கண்ணாடி மாட்டிட்டு ஒருத்தர் குருவியக் கல்லெறிஞ்சு தொரத்துனாருன்னு இங்க ஆட்டுக்காரம்மா சொல்றாங்க. நம்ம குழுவுல யாருங்க அது?’

பதறியதில் அந்தக் கேள்விக்குக் கீழே, நான்தான் என்பதுபோல, கட்டைவிரல் தூக்கும் பொம்மையை அழுத்திவிட்டேன். எடுத்துவிடலாம் என்று திரும்பவும் தொடுவதற்குள், குழு மொத்தமும் சிரித்துக்கொண்டிருந்தது.