கெட்டி ஆகாரம்

என் மனைவிக்கு டைபாயிடு காய்ச்சல் வந்தது ஒரு கார்த்திகை மாதத் தொடக்கத்தில். யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். திருமழபாடியில் எங்கள் வைத்தியர் ஒன்பது நாள் கஷாயம் கொடுத்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு மேல என் கையில இல்லீங்க, அரியலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடுங்க" என்று சொல்லிவிட்டார். மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பி, ஜமக்காளம் விரித்து அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். துணைக்கு என் அக்கா வந்தாள். இளவயதிலேயே புருஷனை இழந்து எங்களோடு இருந்தவள்.

அந்த ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டு ஒரு கோடி, ஆண்கள் வார்டு மறு கோடி. இரண்டுக்கும் சேர்த்து ஒரே நர்சம்மா. இன்னொருவர் இருந்தாராம்; பட்டாளத்து ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். அந்த இடத்துக்கு ஆள் கேட்டு டாக்டர் மேலிடத்துக்கு எழுதிக்கொண்டே இருந்தார். "எழுதி எழுதி பேனா முள்ளு தேஞ்சதுதான் மிச்சம்" என்பார்.

நர்சம்மா ஏலாக்குறிச்சிப் பக்கத்து வேதக்காரர், கிறிஸ்தவர். தாய் தகப்பன் பண்ணையில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். இது முதல் நாளே அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்துகொண்டாள் என்று நான் கேட்கவில்லை. சாயங்காலம் நர்சம்மா ஒரு எனாமல் குவளையில் கஞ்சித் தண்ணீர் கொண்டுவந்தார். அக்கா குறுக்கே போய் நின்றாள்.

"அத அங்கயே வச்சுரும்மா. எங்க வூட்டுப் பொண்ணு வெளியில எதுவும் சாப்பிடாது."

"காலையில என் கையாலதான ஊசி போட்டேன். அப்ப தீட்டு வரலையாக்கா?"

"ஊசி வேற, கஞ்சி வேற."

"அது சரி. ரெண்டும் உள்ளதான போவுது" என்று சிரித்துக்கொண்டே குவளையை எடுத்துப் போனார். அவருக்கு அது புதிதில்லை போலிருந்தது.

ஆஸ்பத்திரிக் கஞ்சி வேண்டாம் என்கிறவர்கள், ஆகாரம் எங்கள் பொறுப்பு என்று ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். நானும் போட்டேன். அந்த வார்டில் பாதிப் பேர் அப்படித்தான். தடுத்தால் ஜனங்கள் நோயாளியைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று டாக்டரும் தடுப்பதில்லை. அக்கா பின்பக்கத்து வேப்பமரத்தடியில் மூன்று கல் வைத்து, கஞ்சி காய்ச்சித் துணியில் வடிகட்டிக் கொடுத்தாள். ஒரு பருக்கை இருக்காது. அதில் அவளை யாரும் குறை சொல்ல முடியாது.

ஏன் வடிகட்ட வேண்டும் என்று நர்சம்மாதான் எங்களுக்குச் சொன்னார். "இந்தக் காய்ச்சல்ல கொடல் பூரா புண்ணு. நனைஞ்ச காயிதம் மாதிரி இருக்கும். காய்ச்சல் எறங்கின அப்புறந்தான் பசி எடுக்கும், சோறு சோறுன்னு கேப்பாங்க. அப்பத்தான் ஆபத்து. இட்லி கூடாது, வாழப்பழம் கூடாது, ஒரு பருக்கை சோறு கூடாது. நான் சொல்ற வரைக்கும் எல்லாம் தண்ணியாத்தான்." விரல்விட்டு எண்ணிச் சொன்னார். நானும் தலையாட்டினேன். எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது.

மூன்று வாரம் போயிற்று. நான் பகலில் வெளி மரத்தடியில் இருப்பேன். ஆம்பிளைகளை நாலு மணிக்குத்தான் பெண்கள் வார்டுக்குள் விடுவார்கள், அதுவும் ஒரு மணி நேரம். மார்கழி பிறந்து காய்ச்சல் இறங்கியது. கட்டிலில் தொங்கிய காய்ச்சல் சீட்டில் கோடு கீழே வருவதை நர்சம்மா எனக்கு விரலால் காட்டினார். அன்றைக்கே என் மனைவி சோறு கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

"ஏங்க, ஒரு வாய் சோறு குடுங்க. உப்புகூடப் போட வேணாம்."

"இன்னும் பத்து நாள் பொறுத்துக்க."

"பத்து நாள்ல நான் பசியிலயே போயிருவேன். அக்காகிட்ட கேட்டா மொறைக்கிறாங்க. கஞ்சியில மொகந்தான் தெரியுது."

திருவாதிரைக்கு முதல் நாள் நான் ஊருக்குப் போனேன். மறுநாள் விடியற்காலையில் கோயிலில் நின்றேன். எங்கள் ஊர் சாமிக்கு வைத்தியநாதர் என்று பெயர். என் தகப்பனாருக்குச் சொறி படர்ந்தபோதும், எனக்கு அம்மை போட்டபோதும், அந்தச் சந்நிதித் திருநீற்றைத் தவிர வேறு மருந்து எங்கள் வீட்டில் கிடையாது. குருக்கள் ஒரு வாழையிலையில் திருவாதிரைக் களி வைத்து, "பொண்டாட்டிக்குக் குடுங்கோ, எழுந்துண்டுடுவா" என்றார். வண்டி பிடித்து, பிறகு பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடுகிற பஸ்ஸைப் பிடித்து, மடியிலேயே அதை வைத்துக்கொண்டு நாலு மணிக்குள் போய்ச் சேர்ந்தேன். ஏறுமேட்டில் பஸ்ஸை எல்லோரும் இறங்கித் தள்ளினோம். அப்போதும் இலையைக் கீழே வைக்கவில்லை.

வராந்தாவில் நர்சம்மா எதிரே வந்தார். என் நெற்றியைப் பார்த்தார், கையிலிருந்த இலைப் பொட்டலத்தைப் பார்த்தார். "கோயிலுக்குப் போயிட்டு வரீங்களா?" என்றார். "ஆமாங்க" என்றேன். ஆண்கள் வார்டிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள், ஓடினார்.

அக்கா துணி துவைக்கப் போயிருந்தாள். நான் இவள் நெற்றியில் திருநீறு இட்டேன். பிறகு இலையைப் பிரித்தேன். வெல்ல வாசனைக்கு அவள் தலையைத் தூக்கினாள். எலுமிச்சம்பழம் அளவு எடுத்து வாயில் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டாள். "இன்னுங் கொஞ்சம்" என்றாள். கொடுத்தேன். மூன்றாவது தடவையும் கொடுத்தேன். இலையில் ஒட்டியதையும் வழித்துக் கொடுத்தேன்.

சோறு கூடாது என்று எனக்குத் தெரியும். ஒரு பருக்கை அவளுக்குக் கொடுத்திருக்க மாட்டேன். பிரசாதம் ஆகாரம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இதை வேறு எப்படிச் சொல்வதென்று இன்றைக்கும் தெரியவில்லை.

மறுநாள் விடிந்ததும் அக்கா வெளியே ஓடிவந்தாள். என் மனைவியின் வயிறு பலகை மாதிரி கெட்டியாகிவிட்டது. உடம்பெல்லாம் வேர்த்துச் சில்லிட்டிருந்தது. அன்றைக்கு என்னை உள்ளே விட்டார்கள். டாக்டர் வயிற்றில் கைவைத்தார், உடனே எடுத்துவிட்டார். "கொடல்ல ஓட்டை விழுந்துருச்சு. திருச்சிக்குப் போனா அறுத்துப் பாப்பாங்க. வண்டியில உயிர் தாங்காது" என்றார். பிறகு நர்சம்மாவிடம் திரும்பினார்.

"நீ எங்க இருந்த? என்ன குடுத்தாங்கன்னு பாக்கலையா?"

"அந்த வார்டுல ஒருத்தருக்கு ரத்த வாந்தி, சார்."

"நான்தாங்க குடுத்தேன்" என்றேன். "களி."

அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள். "பிரசாதம்னு சொல்லுடா. களின்னு ஏன் சொல்ற?"

 நர்சம்மா என்னை வராந்தாவுக்கு அழைத்துப் போய்ச் சொன்னார். "அந்தப் பொட்டலத்த நான் பாத்தேங்க. பிரிச்சுக் காட்டுங்கன்னு கேட்டிருக்கணும். ரெண்டு வருஷத்துக்கு முன்னால ஒரு அம்மா துளசித் தீர்த்தம் குடுத்தப்ப வேணாம்னு சொன்னேன். வேதக்காரி எங்க சாமியத் தடுக்கிறா, மதத்துல சேக்கப் பாக்கிறான்னு மனு போயிருச்சு. அதுலேருந்து சாமி விஷயத்துல வாயத் தொறக்கிறதில்ல."

"அதனாலதான் வந்துச்சுங்களா? நான் குடுத்ததாலதான்?"

"குடுக்காமலும் சிலருக்கு வரும். நிச்சயமா எனக்குத் தெரியாதுங்க" என்றார். ஆறுதலுக்காகச் சொன்னாரோ, உண்மையோ.

மத்தியானம் இரண்டு மணிக்கு அவள் போய்விட்டாள். டாக்டர் அந்தச் சீட்டை எடுத்து இங்கிலீஷில் ஏதோ எழுதினார். எனக்கு நாலாவது வரைக்கும் தமிழ்தான். என்ன எழுதியிருக்கிறது என்று நர்சம்மாவைக் கேட்டேன்.

"வீட்டார் கெட்டி ஆகாரம் கொடுத்தார்கள்னு எழுதியிருக்காரு."

"பிரசாதம்னு எழுதலைங்களா?"

"அப்படி ஒரு வார்த்த அவங்க எழுதமாட்டாங்க."

எனக்குச் சாமி மேல் கோபம் வரவில்லை. நர்சம்மா மேலும் வரவில்லை. அழுகையும் வரவில்லை. கை மட்டும் எதையோ ஏந்திக்கொண்டிருப்பது மாதிரி மடங்கியே இருந்தது. இறக்கிவிடத் தோன்றவில்லை.

நர்சம்மா அக்காவிடம் போய், "வண்டி வர்ற வரைக்கும் தொடச்சு விடட்டுங்களா? உடம்பெல்லாம் வேர்வையா இருக்கு" என்று கேட்டார்.  அக்கா எழுந்துபோய்க் கிணற்றில் ஒரு வாளி தண்ணீர் இறைத்துக்கொண்டு வந்து கட்டிலருகே வைத்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தலைமாட்டில் நின்று அவள் தண்ணீர் ஊற்ற, நர்சம்மா துணியை நனைத்து முகத்திலிருந்து துடைக்க ஆரம்பித்தார். நான் வண்டி பார்க்க வெளியே போனேன்.