நாத்திகன் வேஷம்

தெலுங்கு பேசும் பெருநகருக்கு வந்து, அமீர்பேட்டில் ஜாவா படித்து, கொண்டாப்பூரில் வேலைக்குச் சேர்ந்து, நிமிர்ந்து உட்காருவதற்குள் ஆள்குறைப்பு என்று என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். திருநெல்வேலிப் பக்கத்தில் ஒரு கிராமச் சபையின் உபதேசியாரான அப்பா, இதுவும் கர்த்தரின் சித்தம் என்றார். குகட்பள்ளியைத் தாண்டி ஒரு வளாகத்தில் நடந்த கிறிஸ்தவ உலகநோக்குப் பயிற்சிக்கு, என்னைக் கேட்காமலே பெயரும் கொடுத்துவிட்டார்.

அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும். போன அன்றே செல்போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வெளியே ஒரு டீ குடித்து வரலாமென்று வாசல் கேட்டுக்குப் போனால் காவலாளி, “நக்கோ சாப்” என்று உருதுவில் மறுத்துச் சிரித்துக்கொண்டே தாழ்ப்பாளைப் போடுவார். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எழுந்ததும் தியானம், பிறகு நாள் முழுக்க வகுப்பு. உலகம் எப்படி வந்தது, மனிதனிடம் என்ன கோளாறு, அதற்கு என்ன மருந்து. எதைத் தொட்டாலும் பதில் தயாராக இருந்தது. எனக்கு மூச்சு முட்டியது. அம்மா புற்றுநோயில் கிடந்தபோது சபையே உபவாசமிருந்து ஜெபித்தது. அப்பா முழங்காலிலேயே கிடந்தார். அம்மா போய்விட்டாள். அதற்கப்புறம் எனக்கு ஜெபம் வரவில்லை. உபதேசியார் மகன் இதை யாரிடம் போய்ச் சொல்வது? அப்பா கேட்டால் உடைந்துபோவார்.

வெள்ளிக்கிழமைகளில் விவாதப் பயிற்சி. ஒருவர் நாத்திகராக நடிப்பார், மற்றவர்கள் மடக்குவார்கள். கடைசியில் நாத்திகர் மனந்திரும்பித் தலைகுனிய வேண்டும் என்பது வழக்கம். என் முறை வந்தபோது, கொடுத்திருந்த வாதங்களை விட்டுவிட்டு, “சாகக் கிடந்த ஒரு தாய்க்காக ஊரே ஜெபித்தது. அதைக் கேட்ட கடவுள் என்ன செய்தார்?” என்றேன். வந்த பதில்களையெல்லாம் தட்டிவிட்டேன். பேசப் பேச நெஞ்சு லேசானது. அந்த வளாகத்தில் நான் உண்மை பேசியது அப்போது மட்டும்தான்.

ஆசிரியர் தோளில் தட்டினார். “பிரமாதமா நடிச்சீங்க, பிரதர். நிறைவு நாள்ல பேரன்ட்ஸ் முன்னாடியும் இதையே பண்ணுங்க. ஆனா கடைசியில ஒத்துக்கணும்.”

முடியாது என்றால் காரணம் சொல்ல வேண்டும். வசமாக மாட்டிக்கொண்டேன்.

நிறைவு நாளுக்கு அப்பா ரயிலேறி வந்து, வெள்ளை ஜிப்பாவில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்க்காமல் அதே கேள்வியைக் கேட்டேன். குரல் உடைந்தது. முடிவில், சொல்லிக்கொடுத்தபடி தலைகுனிந்தேன். அரங்கமே கைதட்டியது. அப்பா கைதட்டவில்லை.

கூட்டம் முடிந்ததும் என்னைத் தனியே ஒரு மரத்தடிக்குக் கூட்டிப்போனார்.

“ஏலே, அம்புட்டும் நடிப்புதானா?”

எனக்குப் பதறிவிட்டது. “நடிப்புதான்ப்பா. அப்படிக் கேக்கச் சொன்னாங்க. நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க.”

அப்பா கண்ணாடியைக் கழற்றி ஜிப்பா நுனியில் துடைத்தார்.

“சரிடே. நெசம்னுல்லா நெனச்சுட்டேன். உங்கம்மா போனதுல இருந்து நானும் அதைத்தான் கேட்டுக்கிட்டுக் கெடக்கேன். துணைக்கு நீ இருக்கேன்னு நெனச்சேன்.”

நான் வாயைத் திறப்பதற்குள், சாப்பாட்டுக்கு ஜெபிக்க உபதேசியார் ஐயா வர வேண்டும் என்று மைக்கில் கூப்பிட்டார்கள். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு போய், கணீரென்று ஜெபித்தார்.