நான்கு விடைகளுக்குள் அடங்காத கௌரி டீச்சர்

"நமது கௌரி டீச்சர் இன்று காலை மாயாபந்தரில் காலமானார்." ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் இந்த வரி வந்தபோது நான் போர்ட் பிளேரில், டெலானிபூர் குவார்ட்டர்ஸ் மாடியில், மழைக்கு முன் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். நான் மறுபடி ஒருமுறை படித்து முடிப்பதற்குள் அதன் கீழே கும்பிட்ட கைகள் வரிசையாக முளைத்துவிட்டன. அவருக்கு வேலை போனபோது ஒரு விரலைக்கூட அசைக்காத கைகள். மாரடைப்பு என்றார்கள். அவருக்கு ஐம்பதுகூட ஆகவில்லை. எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். இதை எழுதும்போதும் அது ஆறவில்லை. அஞ்சலிக்கு இது அழகல்ல என்பவர்கள் மன்னிக்கவும்.

கௌரி டீச்சரின் தந்தை ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்காக அந்தமானுக்குக் கப்பலேறி வந்தவர். மகள் மாயாபந்தரிலேயே பிறந்து, படித்து, அங்கேயே ஓர் ஆரம்பப் பள்ளியில் ஒப்பந்த ஆசிரியையாகச் சேர்ந்தார். ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஒப்பந்தம். அப்படியே பதினெட்டு ஆண்டுகள் ஓடின. இரண்டாம் வகுப்புதான் அவருடைய ராஜ்யம். தமிழ், வங்காளம், தெலுங்கு என்று வீட்டுக்கொரு பாஷை பேசும் பிள்ளைகளைத் தீவு ஹிந்தியில் கூட்டிச் சேர்த்து இங்கிலீஷ் வரை கொண்டுபோய் விடுவார்.

நான் அந்தப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். ஒரு காலை அவர் வகுப்பைக் கடந்தபோது மூலையில் ஒரு கோரைப்பாய் விரித்திருப்பதையும், அதில் ஒரு சிறுமி சுருண்டு தூங்குவதையும் பார்த்தேன். பாடம் நடந்துகொண்டிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. உள்ளே போய் அவளைத் தட்டப் போனேன்.

"அரே பத்மா, எழுப்பாதே!" என்றார் டீச்சர். "கழிமுகத்துக்கு அந்தப் பக்கத்துப் புள்ள அது. விடியறதுக்கு முந்தியே டோங்கியில ஏறி, நனைஞ்சுகிட்டு வந்து சேருது. அரை மணி தூங்கட்டும். அப்புறம் வந்து கேளு, எப்படிப் படிக்குதுன்னு."

டோங்கி என்பது எங்கள் ஊர்ச் சிறு படகு. மதியத்துக்கு முன் அந்தப் பிள்ளை பாடத்தைத் தடங்கலில்லாமல் வாசித்துக் காட்டினாள். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பிறகு அந்த உத்தரவு வந்தது. தகுதித் தேர்வில் தேறாதவர்களின் ஒப்பந்தம் இனிப் புதுப்பிக்கப்படாது. அப்படியானால் பதினெட்டு ஆண்டுகளாகத் தகுதியில்லாத ஒருவரிடமா ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் ஒப்படைத்து வைத்திருந்தீர்கள்? கேட்க ஆளில்லை. டீச்சருக்கோ கணவர் இல்லை. மகள் மெயின்லேண்டில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் அடுப்பெரிந்தது இந்த ஒரு சம்பளத்தில்தான்.

எனக்கும் தேர்வு எழுத வேண்டியிருந்தது. பள்ளி விட்டதும் இருவரும் கப்பல் வந்து நிற்கும் ஜெட்டியின் வெயிட்டிங் ஹாலுக்குப் போவோம். அங்கேதான் போனுக்கு சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும். டீச்சர் இங்கிலீஷ் கைடைத் தொடையில் வைத்துக்கொண்டு, வாயில் நுழையாத வார்த்தைகளோடு மல்லுக்கட்டுவார். ஒருநாள் 'ஸ்கஃபோல்டிங்' என்று வந்தது.

"சாரம் கட்டறதா? அது எங்கப்பா வேலையாச்சே. இங்க எதுக்கு வருது?"

பிள்ளைக்கு ஆரம்பத்தில் கைகொடுத்து, பழகப் பழகக் கையை எடுத்துக்கொள்வதுதான் அது என்று படித்துச் சொன்னேன்.

"இதுக்கா இவ்ளோ பெரிய பேரு? தினம் அதைத்தானே செய்யறேன்!" என்று அவர் சிரித்த சிரிப்பில் கப்பலுக்குக் காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் சிரிக்காத பக்கம் ஒன்று கைடில் இருந்தது. 'வகுப்பில் ஒரு குழந்தை அடிக்கடி தூங்குகிறது. ஆசிரியர் என்ன செய்ய வேண்டும்?' எழுப்பிக் கேள்வி கேட்பது, பெற்றோரை வரவழைப்பது, முன்வரிசைக்கு மாற்றுவது, பாடத்தைச் சுவையாக்குவது என்று நான்கு விடைகள். கடைசி விடைதான் சரியாம்.

"அது ஏன் தூங்குதுன்னு ஒருத்தனும் கேக்கலியே பத்மா. நான் தலைகீழா நின்னு பாடம் நடத்தினாலும் தூக்கம் வந்த புள்ள தூங்கத்தானே செய்யும்?"

"அக்கா, நீங்க கடைசி விடையைக் குறிச்சுட்டு வாங்க. வம்பு வேண்டாம்" என்றேன்.

தேர்வு போர்ட் பிளேரில். முதல் நாளே கிளம்பி, காட்டுப் பாதையில் வண்டிகளை மொத்தமாகச் சேர்த்து அனுப்பும் கான்வாய் கிளம்பும் வரை கேட்டில் காத்திருந்து, குலுங்கிக் குலுங்கி வந்து சேர்ந்தோம். டீச்சர் வழியெல்லாம் வாந்தி. மறுநாள் எழுதினோம். வினாத்தாளில் அதே கேள்வி, சொல் மாறாமல் வந்திருந்தது. வெளியே வந்ததும் ஆவலாகக் கேட்டேன்.

"அதை விட்டுட்டேன்" என்றார்.

"தெரிஞ்ச விடையை யாராவது விடுவாங்களா? தப்பாப் போட்டாக்கூட மார்க் குறையாதே! பைத்தியமா அக்கா உங்களுக்கு?"

"குறிக்கத்தான் போனேன் பத்மா. பாயில படுத்திருக்கிற புள்ள மொகம் வந்து நின்னுச்சு. பொய்ச்சாட்சி சொல்ற மாதிரி இருந்துச்சு. ஒரு கேள்விதானே, ஜானே தோ, போகட்டும் விடு."

ஒரே ஒரு மதிப்பெண்ணில் அவர் தேறவில்லை. நான் தேறினேன், பணி நிரந்தரமாகி டெலானிபூருக்கு வந்தேன். அவரைப் பள்ளிக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த தேர்வுக்கும் விண்ணப்பித்திருந்தார். போனில் பேசும்போதெல்லாம் பிள்ளைகளைப் பற்றித்தான் கேட்பார், நான் அங்கே இல்லை என்பதையே மறந்து. அந்தத் தேர்வு வரை அவர் இருக்கவில்லை. இதயம் பலவீனமாக இருந்தது என்கிறார் மருத்துவர். இருக்கலாம். பள்ளி மணியடிக்கும் ஒவ்வொரு காலையும் வீட்டு வாசலில் நின்று பிள்ளைகள் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பாராம். அதை எந்த மருத்துவர் கணக்கில் எடுத்துக்கொள்வார்?

அந்தப் பள்ளியிலேயே இரங்கல் கூட்டம் நடந்தது. ஓர் அதிகாரி மாலை போட்டுவிட்டு மைக்கைப் பிடித்தார். "கௌரிஜி பஹுத் யோக்ய டீச்சர் தீ" என்றார். இவ்வளவு தகுதி வாய்ந்த ஆசிரியை கிடைப்பது அரிது என்று மறுபடி மறுபடி சொன்னார். எனக்கு உச்சந்தலை கொதித்தது. எழுந்துவிட்டேன்.

"சார், யே பாத் லிக்கே தீஜியே" என்றேன். எழுதித் தாருங்கள். "தகுதி இருக்குன்னு ஒரு காகிதம் குடுத்திருந்தா போதுமே சார். உயிரோட இருந்தப்ப அதைத்தானே கேட்டாங்க?"

பக்கத்திலிருந்தவர் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். அதிகாரி தண்ணீர் குடித்தார். பின்வரிசையில் டீச்சரின் மகள் மட்டும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

கூட்டம் முடிந்து இரண்டாம் வகுப்புக்குப் போனேன். பாய் சுருட்டப்பட்டு அலமாரியின் மேல் கிடந்தது. "அது எதுக்குன்னு தெரியலை மேடம், தூக்கி வெச்சுட்டேன்" என்றார் புதிதாக வந்திருந்த ஆசிரியை. நல்ல பெண். தகுதித் தேர்வில் தேறியவர். பாயை இறக்கித் தூசி தட்டி, பழைய மூலையிலேயே விரித்துவிட்டு, அது எதற்கு என்று அவருக்குச் சொன்னேன்.

போய் வாருங்கள் அக்கா. பாயை யாரும் சுருட்டாமல் பார்த்துக்கொள்வதாக அந்தப் பெண் வாக்குக் கொடுத்திருக்கிறார். அந்தக் கேள்விக்குச் சரியான விடை உங்களிடம்தான் இருந்தது. அதைக் குறிக்க அவர்கள் விடைத்தாளில் ஒரு வட்டம்கூட வைக்கவில்லை.