முன்சக்கரத்தைப் பார்த்தவர்

அமீரகத்தின் அல் ஐனில், கேரவன் இழுக்க வண்டிகளுக்குப் பின்கொக்கி பொருத்தும் ஒர்க்‌ஷாப்பில் அவரைச் சந்தித்தேன். கன்னியாகுமரிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். வெல்டிங் பொறி பட்டு ஒரு புருவம் பாதிதான் இருந்தது. முதலாளியோடு எங்கள் முறைக்குக் காத்திருந்தபோது கவனித்தேன். கொக்கி பின்னால், ஆனால் வேலை முடிந்ததும் அவர் முன்னால் போய்க் குந்தி, சக்கரத்துக்கு மேலிருக்கும் இடைவெளியில் கையை விட்டுப் பார்ப்பார். பிறகு வாசலில் நின்று, வண்டி கண்ணுக்கு மறையும்வரை பார்ப்பார்.

நான் அரபி வீட்டு டிரைவர். குளிர்காலத்தில் பாலைவனத்தில் தங்குவதற்காக முதலாளி பெரிய கேரவன் வாங்கியிருந்தார். இழுக்க இருந்ததோ நடுத்தர அளவு ஜீப். கேரவனை மாட்டியதும் ஜீப்பின் பின்பக்கம் அமுங்கி, மூக்கு மேலே தூக்கியது. முன்சக்கரத்துக்கு மேல் அவர் கை முழுசாக உள்ளே போனது.

"இழுக்கும் மக்கா. முன்சக்கரத்துல பாரமில்ல, பிரேக் போட்டா நிக்காது. பின்னால கெடக்கது உன்னத் தள்ளிட்டுப் போயிரும்."

முதலாளியிடமும் அரபியில் "மாஃபி பிரேக்", பிரேக் பிடிக்காது என்றார். முதலாளி சிரித்து, கிளம்பு என்று கையை வீசினார். "யல்லா, யல்லா."

"நீதான் ஓட்டப்போறியா மக்கா?"

"ஆமாண்ணே. மாட்டேன்னா ஊருக்கு அனுப்பிருவாரு."

கிளம்பும்போது கண்ணாடியில் பார்த்தேன். வாசலுக்கு அவர் வரவில்லை. சுவரைப் பார்த்து நின்றிருந்தார்.

பாலைவனச் சாலை இறக்கத்தில் பிரேக் போட்டேன், கேரவன் தள்ளியது. ஓரத்து மணலில் ஏற்றித்தான் நிறுத்தினேன். யாருக்கும் அடியில்லை.

அவரிடம் சொல்ல அடுத்த வாரமே போனேன். வந்தவர்களிடம் வேண்டாத பேச்சு பேசினார் என்று கடைக்காரர்கள் அவர் விசாவைக் கேன்சல் செய்து ஊருக்கு அனுப்பிவிட்டார்களாம்.

நான் உயிரோடு இருப்பது அவருக்குத் தெரியாது.