கத்தார் இல்லை, சாம்பியா

முதல் குளிர் ஒரு புதன்கிழமை மதியம் மூன்று மணிக்கு வந்தது. கீரமங்கலம் பூ மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு அடிபம்பைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதுகில் வெயில் சுட்டது. கையிலிருந்த ஸ்பேனர் இரும்பில் கடகடவென்று தட்டியது. கை நடுங்குகிறது என்பது அந்தச் சத்தத்தில்தான் தெரிந்தது.

அந்த நடுக்கத்தை எனக்கு முன்பே தெரியும். ஆனால் அது எந்த ஊரில் அறிமுகம் ஆனது என்று வெளியில் சொல்ல முடியாத நிலையில் இருந்தேன்.

நான் பத்தாவது வரை படித்தவன். இருபது வருடமாக அடிபம்பு ரிப்பேர்தான் தொழில். நான் பம்பு பார்த்துக்கொடுத்த பள்ளிக்கூடத்துப் பாதிரியார் ஒருவர் ஆப்பிரிக்காவில் சாம்பியா நாட்டுக்குப் போனார். அங்கிருந்து போன் செய்தார்.

"இங்க நம்ம ஊரு பம்புதான். பாதி உடைஞ்சு கெடக்கு. கழட்டி மாட்டக் கிராமத்துப் பொம்பளைகளுக்குச் சொல்லிக்குடுக்கணும். ரெண்டு வருஷம் வாரீங்களா? சோறும் எடமும் உண்டு. சம்பளம் இல்ல."

என் மனைவி செல்வி பூந்தோட்டத்தைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். "ஒங்களுக்கு வாய்தான் பேசாது, கை பேசும். போயிட்டு வாங்க" என்றாள்.

எங்கள் பக்கத்தில் வெளிநாடு போகிறவர்கள் உண்டு. சம்பளமில்லாமல் போகிறவன் கிடையாது. என் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் செல்வியின் அண்ணன் ராமையா, கத்தார்தான் என்று தானே முடிவுகட்டி டீக்கடையில் சொல்லிவிட்டார். மறுத்துப் பேச எனக்குக் கூச்சம். செல்வியும் அப்படியே விட்டுவிட்டாள். ஊரைப் பொறுத்தவரை இரண்டு வருடமும் நான் கத்தாரில் இருந்தேன்.

சாம்பியாவில் இரண்டு முறை மலேரியா வந்தது. முதல் முறை, என்னிடம் வேலை கற்றுக்கொண்ட பீட்ரிஸ் என்ற அம்மாள் புறங்கையை என் கழுத்தில் வைத்துப் பார்த்தார். உடனே சைக்கிளில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப்போனார். விரலில் ஒரு சொட்டு இரத்தம், கால் மணி நேரத்தில் முடிவு, மூன்று நாள் மாத்திரை. அங்கே அது அவ்வளவுதான்.

ஊர் திரும்பிய பிறகும் தடுப்பு மாத்திரையை நான்கு வாரம் விடாமல் போடச் சொல்லியிருந்தார்கள். என்ன மாத்திரை என்று யாராவது கேட்பார்களே என்று, போடாமலே அட்டையைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். ஊர் வந்த பன்னிரண்டாம் நாள் ஸ்பேனர் தட்டியது.

உள்ளூர் டாக்டரிடம் ராமையா மச்சான்தான் அழைத்துப்போனார், அவரே பேசினார். காய்ச்சல் மாத்திரை கொடுத்தார்கள். வேர்த்து விட்டது, சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்றாம் நாள் எழுந்து நிற்க முடியவில்லை. புதுக்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள்.

"வெளியூர் எங்கயாவது போயிருந்தாங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"கத்தார்ல இருந்தவரு. ஏர்போர்ட்டுல எறங்கி நேரா வீட்டுக்குத்தான் வந்தாரு" என்றார் மச்சான். செல்வி என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

டெங்குவாக இருக்கலாம் என்று சோதித்தார்கள். இல்லை என்று வந்தது. பிளேட்லெட் (இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள்) குறைந்துகொண்டே போனது. நான்காம் நாள் காலை சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. கண்ணில் மஞ்சள் ஏறியது. எனக்கு விளங்கிவிட்டது. சொல்லாவிட்டால் செத்துப்போவேன்.

செல்விக்கும் விளங்கியிருக்க வேண்டும். "அண்ணே, ஒரு எளநி வாங்கிட்டு வாங்களேன்" என்றாள்.

"இப்பத்தானே ஒண்ணு குடிச்சாரு?"

"இன்னொண்ணு குடிக்கட்டும்ண்ணே."

அவர் போனார். ஆனால் அந்த நேரத்தில் டாக்டரம்மா வரவில்லை. செல்வி வராந்தாவுக்கும் கட்டிலுக்கும் நடந்தாள். கடைசியில் இருவரும் ஒன்றாகத்தான் உள்ளே வந்தார்கள், டாக்டரம்மா முன்னால், மச்சான் கையில் இளநீரோடு பின்னால்.

நாக்கு தடித்திருந்தது. "சாம்பியா" என்றேன். "கத்தார் இல்ல. சாம்பியா."

மச்சான் பதறிப்போனார். "ஜன்னி கண்டு ஒளறுறாரு டாக்டர். பாருங்க, கண்ணு எப்புடிச் சொருகுதுன்னு!"

டாக்டரம்மா என் கண்ணில் டார்ச் அடித்தார். "ஐயா, இது எந்த ஊருன்னு சொல்லுங்க" என்றார். புதுக்கோட்டை என்று சொல்ல நினைத்தேன். வாயில் மறுபடியும் சாம்பியாதான் வந்தது. அவர் நர்ஸ் பக்கம் திரும்பித் தலையை ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று சொல்லத் தொடங்கினார்.

அப்போது செல்வி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சத்தமாகச் சொன்னாள்: "ஜன்னி இல்லங்க. நெசந்தான். ஆப்பிரிக்காவுல ரெண்டு வருஷம் பம்பு வேலை பாத்தாரு. மலேரியா ரெண்டு வாட்டி வந்துருக்கு. நாங்கதான் மறைச்சுட்டோம்."

ஸ்மியர் (இரத்தத்தைக் கண்ணாடியில் தேய்த்து நுண்ணோக்கியில் பார்ப்பது) எடுத்தார்கள். பால்சிபாரம் (மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கும் கொடிய மலேரியா வகை) என்று வந்தது. உடனே ஆர்ட்டிசுனேட் (மலேரியாக் கிருமியை வேகமாகக் கொல்லும் மருந்து) ஊசியை நரம்பில் ஏற்றினார்கள். "மொத நாளே சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காதுங்க" என்றார் டாக்டரம்மா. அதற்குமேல் திட்டவில்லை.

மச்சான் நான்காவது ஊசி வரைக்கும் என்னோடு பேசவில்லை. போகவும் இல்லை. பிளாஸ்டிக் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு கேட்டார்: "சம்பளமே இல்லாமயா மாப்ள?"

"இல்ல மச்சான்."

"ஒண்ணுமே தரலையா?"

"கெளம்புறன்னைக்கு ஒரு கோழி குடுத்தாங்க."

"அதையாவது கொண்டாந்தீங்களா?"

"பிளேன்ல விட மாட்டாங்க மச்சான்."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சிரித்தாரா என்று தெரியவில்லை.

இப்படி நீண்ட நாள் வெளிநாட்டுக்குச் சேவை செய்யப் போய்வந்தவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். காய்ச்சலைச் சொல்வதற்கு முன்னால் நாட்டைச் சொல்லுங்கள். கூட வந்தவர் முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தால், ஒரு தாளில் எழுதி நர்ஸிடம் கொடுங்கள். எனக்கு அது தோன்றவில்லை.

இரண்டு மாதம் ஆகிறது. இரத்தம் இன்னும் ஊறவில்லை. தனியாகக் குழாய் தூக்க முடிவதில்லை. கழற்றித் திரும்ப மாட்டிய பம்பில் தண்ணீர் ஏறும்வரை முப்பது நாற்பது தடவை வெறுமனே அடிக்க வேண்டும். முன்பெல்லாம் எண்ணாமல் அடிப்பேன். இப்போது பத்துக்கு ஒரு முறை நிற்கிறேன். அப்படி நிற்கும்போது மச்சான் வந்து கைப்பிடியை வாங்கிக்கொள்கிறார். பக்கத்தில் நிற்பவர்களிடம், "மாப்ள சாம்பியாவுல இருந்தவரு" என்று, கத்தாரைச் சொன்ன அதே குரலில் சொல்கிறார்.

மதியம் மூன்று மணி ஆனால் எந்த வேலையாக இருந்தாலும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிடுகிறேன். பீட்ரிஸ் வைத்தது போலப் புறங்கையைக் கழுத்தில் வைத்துப் பார்க்கிறேன். சூடு இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருக்கிறேன்.