அந்த மூசா வேறு ஆள்

மூசா கொழும்பில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறார் என்றுதான் அலிமாவைப் பெண் கேட்டு வந்த தரகர் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மூசா அதை மறுக்கவில்லை. தொடக்கத்தில் அவர் செய்த தப்பு அவ்வளவுதான்.

உண்மையில் அவர் சமையல்காரர். முதலில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் அடுப்படி வேலை. பிறகு கொழும்புப் புறக்கோட்டையில் கடைக்காரர்கள் வந்து சாப்பிடும் ஒரு ஹோட்டலில் சமையல். தென்காசிப் பக்கம் கொஞ்சம் வசதியான வீடுகளில் சமையல்காரனுக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள். பண்டாரி என்ற ஒரே சொல்லில் ஆளைத் தள்ளிவிடுவார்கள். கல்யாணத்துக்குப் பிறகு ஒவ்வொரு முறை ஊருக்கு வரும்போதும் மூசா நல்ல சேலைகளாக வாங்கி வந்தார். அவர் வேலை பார்க்கும் கடைச் சரக்கு என்று அலிமா அக்கம்பக்கத்தில் காட்டிப் பெருமைப்பட்டாள்.

ஐம்பத்தாறாம் வருஷம் இலங்கை அரசாங்கம் அவருக்கு மேற்கொண்டு தங்க அனுமதி தரவில்லை. பெட்டியோடு தென்காசிக்கு வந்து சேர்ந்தார். அலிமாவின் அண்ணன் பரீது செங்கோட்டையில் கைலி வியாபாரம் செய்தவர். தங்கை கணவருக்காக ஓர் அரிசி மில்லில் கணக்கு வேலைக்குச் சொல்லிவைத்தார். மூசா முதுகுவலி என்றார். அடுத்து ஒரு மளிகைக் கடையில் கேட்டு வந்தார். அதற்கும் ஏதோ சொல்லித் தப்பித்தார். கணக்கு எழுதத் தெரியாது என்று எப்படிச் சொல்வது? வீட்டில் அடுப்புப் பக்கமே போகாமல் இருந்தார். குழம்பில் உப்பு இல்லாவிட்டாலும் வாயைத் திறக்காமல் சாப்பிட்டு எழுந்தார்.

மறு வருஷம் ஆடியில் அலிமாவுக்குக் காய்ச்சல் கண்டது. டாக்டர் ரொட்டி கொடுக்கச் சொல்லியிருந்ததால் பேக்கரி ரொட்டி வீட்டில் இருந்தது. ஒரு சாயங்காலம், திருநெல்வேலிக்குப் போய்விட்டுத் திரும்பிய பரீது, தங்கையைப் பார்க்க வழியில் இறங்கி வந்தார். செங்கோட்டைக்கு அடுத்த வண்டியைப் பிடித்தாக வேண்டும். காலையிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

அலிமா எழுந்திருக்கப் பார்த்தாள். கால் நிற்கவில்லை. "வீட்டுல சோறுகூட இல்லியே. அண்ணன வெறும் வயித்தோட அனுப்புததா?" என்று கணவரிடம் கண் கலங்கினாள்.

பரீது தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போன நேரத்தில் மூசா கொல்லைக்குப் போனார். வளர்த்த கோழிகளில் ஒன்றை அறுத்து உரித்தார். எலும்பிலிருந்து சதையை வழித்தெடுத்து, பலகையில் போட்டு இரண்டு கத்திகளால் கொத்தினார். சின்ன வெங்காயமும் பச்சைமிளகாயும் இஞ்சியும் பொடிப்பொடியாக விழுந்தன. மிளகைத் தட்டிப் போட்டு, சுருளச் சுருள வதக்கி, எலுமிச்சம்பழம் பிழிந்து இறக்கினார். தோசைக்கல்லில் நெய் தடவி ரொட்டித் துண்டுகளை முறுகலாக வாட்டி, இரண்டு துண்டுகளுக்கு நடுவே அந்தக் கைமாவை வைத்து அமுக்கிக் குறுக்கே வெட்டினார். படுத்த இடத்திலிருந்து அலிமா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கணக்கு எழுதிய கை அப்படி வேலை செய்யாது என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது.

"சீக்காளி திங்கிற ரொட்டிய எனக்கு வைக்கியளா?" என்று சிரித்தபடி கடித்த பரீது பேச்சை நிறுத்தினார். காரத்தில் மூக்கு ஒழுக ஒழுக, தட்டில் இருந்ததையெல்லாம் தின்றார்.

"இது யாரு செஞ்சது?"

மூசா பதில் சொல்லுமுன், "நான்தான்ணே. மத்தியானமே செஞ்சு வச்சேன்" என்றாள் அலிமா.

பரீது போனபின் அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "இத்தன வருசமா ஊரெல்லாம் ஜவுளிக்கடைன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேனே" என்று மட்டும் சொன்னாள். மூசா கத்திகளைக் கழுவி வைத்தார்.

அதோடு முடிந்திருந்தால் அது அவர்கள் வீட்டுக்குள்ளேயே போயிருக்கும். ஆனால் பரீதின் மகளுக்குக் கடையநல்லூரில் ஒரு சம்பந்தம் பேசினார்கள். மாப்பிள்ளை மசூதுக்குத் தகப்பன் இல்லை. அவனுடைய தாய்மாமன் கொழும்பிலிருந்து ஊருக்கு வந்திருந்தார். அவர் சரி என்றால்தான் முடிவு. அவர் செங்கோட்டைக்கு வரும் நாளில் தங்கை அந்தக் கோழி ரொட்டியைச் செய்துதர வேண்டும் என்று பரீது ஆசைப்பட்டார். மறுக்க வழியில்லை. மூசா வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு கைமாவைச் செய்து தூக்குவாளியில் அடைத்தார். அலிமா அதைத் தான் செய்ததுபோல் அண்ணன் வீட்டு அடுப்படிக்குள் கொண்டுபோனாள்.

முன்னறையில் ஆண்களோடு உட்கார்ந்திருந்த மூசா, உள்ளே நுழைந்த பெரியவரைப் பார்த்ததும் எழுந்து நின்றார். மாப்பிள்ளையின் தாய்மாமன், அப்துல் ஜப்பார். புறக்கோட்டை ஹோட்டலுக்கு அடுத்த கடைக்காரர். வியாபாரம் மும்முரமான மாலைகளில் எழுந்துவர நேரமில்லாமல், கோழி ரொட்டியைக் கடைக்கே வரவழைத்துச் சாப்பிட்டவர். அவர் டைபாய்டில் கிடந்தபோது கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்ததும் மூசாதான்.

பெரியவரின் முகம் மலர்ந்தது. இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு வந்தார். "ஏ, நம்ம மூசால்லா! நீ எங்கன இங்க?"

அறை முழுவதும் திரும்பிப் பார்த்தது. பரீது சிரித்த முகத்தோடு, "மச்சான ஒங்களுக்குத் தெரியுமா?" என்றார்.

"ஆளு மாறிப் பேசுதீங்க மொதலாளி" என்றார் மூசா. குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. "நான் ஜவுளிக்கடையில கணக்கு எழுதுனவன். ஒங்கள நான் பாத்ததில்ல."

நீட்டிய கைகள் அப்படியே நின்றன. ஜப்பார் அவரை ஒருமுறை உற்றுப் பார்த்தார். பிறகு கைகளைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஆமா, ஆமா. அந்த மூசா வேற ஆளு. அவன் இன்னும் கொஞ்சம் ஒசரம். வயசாயிட்டுல்லா, கண்ணு தெரியல. தப்பா எடுத்துக்கிடாதீங்க."

நீ என்றவர், நீங்க என்று மாறிவிட்டார்.

தட்டுகள் வந்தன. ஜப்பார் ஒரு வாய் கடித்தார். மெல்ல மென்றார். மூசாவின் பக்கம் திரும்பாமலே முழுவதையும் சாப்பிட்டார். கை கழுவி வந்து, பொதுவாகப் பேசுவதுபோல் சொன்னார்: "நான் சொன்னேனே அந்த மூசா, நான் காய்ச்சல்ல கெடக்கையில பெத்த பிள்ள மாதிரிப் பாத்தான். அவன எங்கயாவது பாத்தா, நான் கேட்டதாச் சொல்லுங்க."

திரைச்சீலைக்குப் பின்னால் நின்ற அலிமாவுக்கு இதெல்லாம் கேட்டது.

தென்காசிக்குத் திரும்பும் ரயிலில் அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே வந்தாள். இலத்தூர்ப் பக்கம் வந்ததும், "கஞ்சி கொண்டு குடுத்தது நீங்கதானே?" என்றாள்.

"ஆமா."

"அந்த மனுசர் கைய நீட்டுதாரு. பாத்ததே இல்லன்னு சொல்லிட்டீங்களே."

"ஒனக்காகத்தான் சொன்னேன்."

"எனக்காகன்னு சொல்லாதீங்க." அவள் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நானும்தான் அண்ணன்ட்ட பொய் சொன்னேன். ரெண்டு பேருமாச் சேந்து ஒரு பெரிய மனுசர தலகுனிய வச்சிட்டோம்."

மூசா சில நாள் சாப்பிட உட்கார்ந்து பாதியில் எழுந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் கடையநல்லூருக்குப் பஸ் ஏறினார். ஜப்பார் கொழும்புக்குக் கப்பலேறிவிட்டிருந்தார். சம்பந்தத்துக்குச் சம்மதம் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார் என்று வீட்டில் சொன்னார்கள். அன்றே செங்கோட்டைக்குப் போய்ப் பரீதிடம் மூசா உண்மையைச் சொன்னார். பரீது, "கல்யாணம் முடியிற வரைக்கும் வாயத் தொறக்காதீங்க" என்றார். மச்சான் என்று உரிமையோடு பேசியது அன்றோடு போயிற்று. அதன்பிறகு தேவைக்கு மட்டும் பேசினார்.

கல்யாணம் முடிந்த பிறகு, குற்றாலத்தில் சீசன் தொடங்கியதும் ஐந்தருவிப் பக்கம் மூசா ஒரு கொட்டகை போட்டார். ஈரத்துணியோடு நடுங்கிக்கொண்டு வருகிறவர்களுக்குச் சுடச்சுடக் கோழி ரொட்டி. முதல் வருஷம் அலிமா அந்தப் பக்கம் வரவில்லை. அடுத்த வருஷம் தானாக வந்து வெங்காயம் உரித்தாள்.

அறுபத்து மூன்றில் ஜப்பார் கொழும்பிலேயே காலமான செய்தி வந்தது. அந்தச் சீசனில் மசூது மனைவியோடு அருவிக்கு வந்தான். கொட்டகையில் உட்கார்ந்து சாப்பிட்டு முடித்தவனிடம், மூசா அடுப்பு வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்.

"தம்பி, ஒங்க மாமா தேடுன மூசா நான்தான். அன்னைக்கு இல்லன்னு சொல்லிட்டேன்."

மசூது தலையைக் குனிந்துகொண்டான். "தெரியும் மாமா. எங்க மாமா அன்னைக்கு வீட்டுக்கு வந்ததுமே எங்கம்மாட்ட சொல்லிட்டாக. யாரும் அதப் பத்திக் கேக்கப்படாது, அவரு மனசு நோவும்னு சொல்லிட்டுத்தான் கப்பலேறுனாக."

அத்தனை வருஷமும் கடையநல்லூர் வீட்டில் ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கும் மூசாவை எழுந்து வரவேற்றிருக்கிறார்கள், கொட்டகை போட்ட பிறகும் கொழும்புக் கணக்கைப் பற்றி அவர் உளறியதையெல்லாம் முகம் மாறாமல் கேட்டிருக்கிறார்கள். அவர் அடுப்பு முன்னால் போய் நின்றுகொண்டார். மசூதும் அவன் மனைவியும் சொல்லிக்கொண்டு புறப்படும்போது, "சரி, சரி" என்றாரே தவிர, அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அலிமாதான் ரோடு வரைக்கும் போய் அவர்களை வழியனுப்பிவிட்டு வந்தாள்.